எண் 047

நீடாமங்கலம் கேட் மூடியாயிற்று.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி
வேகன் வேகனாக நகர்கிறது, அவசரமே இல்லாமல்.
ஸ்கூட்டியின் முன்பெட்டியில்
ஒரு டார்ச், பட அட்டைகள், அளவு நாடா,
எண் மட்டும் எழுதிய ஒரு கோப்பு.

பெயர் எழுதக் கூடாது, நெறிமுறைக் குழுவின் விதி.
பெயர் எனக்குத் தெரியும்.
தஸ்லீமா. ஐந்து வயது நான்கு மாதம்.
இடக்கண் நன்றாகப் பார்க்கும்.
வலக்கண், கண்ணாடி போட்டும்,
பார்க்கவே கற்றுக்கொள்ளவில்லை.

நல்ல கண்ணின் மேல் ஒட்டுப் போட வேண்டும்
தினம் மூன்று மணி நேரம்.
பள்ளியில் போட்டால் நிலைக்குமா, வீட்டில் போட்டாலா?
இந்த ஒரு வரிக் கேள்விக்கு நான்கு வருடம்,
"நல்ல யோசனை, ஆனால்" என்று
நிதி மறுத்த மூன்று கடிதங்கள்.

கூடப் படித்தவள் திருச்சியில்
சொந்த மருத்துவமனை கட்டிவிட்டாள்.
ஒரு நாளைக்குப் பதினெட்டு கண்புரை.
"இன்னும் ஆப்பிள் படம் காட்டிக்கிட்டா இருக்கே?"
ஆமாம். ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம்.
இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆப்பிளைத் தக்காளி என்பார்கள்.
ஒருவன் மட்டும் கத்தரிக்காய் என்றான்.
எல்லாவற்றையும் சரி என்று குறிக்க
பின்னிணைப்பில் இரண்டு பக்கம் விதி எழுதினேன்.

தஸ்லீமாவின் அத்தா சேறடிக்கும் டிராக்டர் ஓட்டுகிறவர்.
ஒப்புதல் படிவத்தை வரி விடாமல் வாசிக்கச் சொன்னார்.
"பள்ளியா வீடான்னு சீட்டுக் குலுக்கியா போடுவீங்க?"
கம்ப்யூட்டர் குலுக்கும் என்றேன்.
"அப்ப எது நல்லதுன்னு ஒங்களுக்கே தெரியாது."
தெரியாது.
பேனாவை வாங்கிக்கொண்டார்.
"தெரியாதுன்னு சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்குறேன்."

அவளுக்கு வீடு என்று விழுந்தது.

ஒட்டுகள் எங்கெங்கோ போகும்.
ஒன்றை ஆட்டுக்குட்டியின் நெற்றியில் பார்த்திருக்கிறேன்,
ஒன்றைக் கிழிந்த கணக்கு நோட்டின் முதுகில்.
அம்மாக்கள் நிரப்பித் தரும் நாட்குறிப்பில் மட்டும்
எல்லா நாளும் மூன்று மணி,
ஒரே பேனா, ஒரே சாய்வு,
ஒரே உட்காரலில் எழுதிய ஆறு மாதம்.
அதையும் தரவு என்றுதான் சொல்கிறோம்.

மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் தண்ணீர் வந்த வாரம்
என் அட்டவணை பாதி காலியானது.
நாற்று, நடவு, அப்புறம் களை.
யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்?
மென்பொருளில் அதற்கொரு கட்டம் இருக்கிறது:
தொடர்பு இழந்தவர்.

கேட் திறக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன்.

மதகுக்கு அந்தப் பக்கம் வீடு.
தஸ்லீமா வாசலில் நிற்கிறாள், ஒட்டு இல்லாமல்.
"நடவுக்குப் போயிட்டோம் டாக்டர்.
ஒட்டு நின்னு ரெண்டு மாசம்."
அப்படியே எழுதிக்கொள்கிறேன்.
இந்த ஆய்வில் நான் முழுசாக நம்பும் முதல் வரி.

மூன்று மீட்டர் அளந்து உட்கார வைக்கிறேன்.
இடக்கண்ணில் புது ஒட்டு.
வலக்கண் அட்டையைத் தேடுகிறது, விடுகிறது, பிடிக்கிறது.
"வீடு."
இன்னும் சின்னது.
"தக்காளி."
அதைவிடச் சின்னது.
தலையைத் திருப்பி ஓரமாகப் பார்க்கிறாள், நேராக்குகிறேன்.
"தெரியல. எறும்பு."

இரண்டு வரி கூடியிருக்கிறது.
ஒட்டினாலா, கண்ணாடியாலா, வளர்ந்ததாலா,
ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது.
அதனால்தான் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள்.
அதனால்தான் நாளைக்கு 048, கோட்டூர்ப் பக்கம்.

சிகிச்சை விடுபட்டதன் காரணம் என்ற இடத்தில்
"ஆற்றில் தண்ணீர் வந்தது" என்று எழுதினேன்.
ஆய்விதழில் அடிக்கச் சொல்வார்கள்.
அடிப்பதாக இல்லை.

திரும்பும்போது கேட் மறுபடி மூடியிருந்தது.
வண்டியை அணைத்துவிட்டு
வேகன்களை எண்ணத் தொடங்கினேன்.